செம்புச் சுருள்

ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும் வரை அதைச் செய்தவனையும் யாரும் நினைப்பதில்லை, பழுது பார்த்தவனையும் நினைப்பதில்லை. நின்றால்தான் நினைப்பு வரும். அதுவும் திட்டாகத்தான் வரும். இருபத்தெட்டு வருடமாகக் குளிர்சாதன மெக்கானிக்காக இருப்பவருக்கு இது பழகிப்போன நியாயம். சுற்றியிருக்கும் நாலு தெருவுக்கும் அவர் 'கூலிங்காரர்'. பல் டாக்டரின் ஏசி, கறிக்கடையின் உறைபெட்டி, மருந்துக் கிடங்கு, ஐஸ் ஃபேக்டரி என்று எல்லாவற்றின் வயிற்றுக்குள்ளும் கையை விட்டவர். வேலை முடிந்து கையைத் துடைக்கும்போது எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இனிமே நிக்காதுல்ல?" நன்றி என்று யாராவது சொன்னதுண்டா என்று யோசித்தால், ஒரே ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார். அதுவும் இவரை வேறு யாரோ என்று நினைத்து.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. முகம் தெரியாத ஒரு பெண் தழுதழுத்த குரலில் பேசினார்.

"நீங்க யாருன்னுகூட எனக்குத் தெரியாது. ஆனா நீங்க மட்டும் வரலைன்னா எங்க ஆறு வருஷ உழைப்பு போயிருக்கும். ரொம்ப ரொம்ப நன்றிங்க."

"இனிமே நிக்காது மேடம்" என்றார் கூலிங்காரர், கேட்காத கேள்விக்கு.

அவர் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வாசற்படியைத் தாண்டாமலே பத்து வீட்டுத் திரைச்சீலையும் பள்ளிக்கூடச் சீருடையும் தைத்துக்கொடுக்கிறவர்; வாயும் அவர் ஊசி மாதிரிதான், சின்னதாக இருந்தாலும் சரியான இடத்தில் இறங்கும்.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கலாம்ல? உங்களுக்கு ஒருத்தர் நன்றி சொல்றதை நான் எப்பத்தான் காதால கேக்கறது?"

நடந்தது இதுதான். அவர் கடைக்கு அடுத்த தெருவில் கடல் ஆராய்ச்சி நிலையம். முந்தின நாள் சனிக்கிழமை மதியம் அங்கிருந்து காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார். நிலையத்தின் பின்பக்கத்து அறையில், ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி அடித்து, ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் கடல் தண்ணீரில் ஏதோ உயிர்களை வைத்து வளர்க்கிறார்களாம். அந்தத் தண்ணீர் எப்போதும் ஏழு டிகிரியில் இருக்க வேண்டுமாம். குளிரூட்டி நின்றுபோய் இப்போது பதினொன்று காட்டுகிறதாம். அதைப் பார்த்துக்கொள்கிற மேடம், மறுநாள் போனில் நன்றி சொன்ன அதே பெண், ஏதோ மாநாட்டுக்கு வெளியூர் போயிருக்கிறார், குளிரூட்டி விற்ற கம்பெனியோ அடுத்த வாரம்தான் ஆள் அனுப்ப முடியும் என்கிறது.

கூலிங்காரர் போய்ப் பார்த்தார். தண்ணீருக்குள் முங்கியிருந்த குளிர்க் குழாய்ச் சுருளின் இணைப்பில் மயிரிழை விரிசல், அதன் வழியாக கேஸ் முழுக்கப் போயிருந்தது. சுருள் ஏதோ சாம்பல் நிற உலோகம், அவரிடம் அதைப் பற்றவைக்கும் வசதி கிடையாது. ஆனால் வேனில் ஐஸ் ஃபேக்டரிக்காக வளைத்து வைத்திருந்த செம்புச் சுருள் ஒன்று புத்தம் புதிதாகக் கிடந்தது. அளவும் கிட்டத்தட்டப் பொருந்தியது. கடல் தண்ணீர் செம்பை என்ன செய்யும் என்று ஒரு நிமிடம் யோசித்தார். கப்பலுக்கே அடியில் செம்பு அடிக்கிறார்கள், ஒன்றும் செய்யாது என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார். செம்பு கடல் தண்ணீரை என்ன செய்யும் என்று அவர் யோசிக்கவில்லை. மெக்கானிக் புத்தி குழாயைப் பற்றித்தான் கவலைப்படும்.

"காயில் மாத்தியாச்சான்னு மேடம் கேக்கறாங்க" என்றார் காவலாளி, போனைக் காதில் வைத்தபடி.

"மாத்தியாச்சுன்னு சொல்லுங்க. புதுசு."

கம்பெனி கொடுத்த உபரிச் சுருள் அலமாரியில் இருக்கிறது, அதைத்தான் மாட்டியிருக்கிறார்கள் என்று மேடம் நினைத்துக்கொண்டார். அந்த உபரி போன வருடமே வேறொரு அறைக்குப் போய்விட்டது காவலாளிக்குத் தெரியாது, மேடத்துக்கு நினைவில்லை. பொழுது சாய்வதற்குள் தொட்டி ஏழு டிகிரிக்கு வந்துவிட்டது. யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

திங்கட்கிழமை மேடம் ஊர் திரும்பியதும் கூலிங்காரரை வரச் சொன்னார். வெளியே வெயில் பிளந்துகொண்டிருந்தது. மேடமோ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு நின்றார். இருட்டறைக்குள் கூட்டிப்போய் சிவப்பு டார்ச்சை அடித்தார்.

"இந்தப் பவளம் எண்ணூறு மீட்டர் ஆழத்துல இருந்து வந்தது. அங்க வெயில்னா என்னன்னே தெரியாது. சிவப்பு வெளிச்சம்னா அவ்வளவா தொந்தரவு பண்ணாது."

இலையெல்லாம் உதிர்ந்த ஒரு வெள்ளைச் செடி தண்ணீருக்குள் நிற்பதுபோல் இருந்தது. ஒவ்வொரு கிளை நுனியிலும் விரல் நகம் அளவுக்கு ஒரு பூ, அதைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி இழைகள்.

"பவளம்னா சிவப்பா இருக்கும்னுல்ல நினைச்சேன்" என்றார் கூலிங்காரர். "பூ அழகா இருக்கு மேடம்."

"பூ இல்லைங்க, பிராணி. ஒவ்வொண்ணுக்கும் தனி வாய், தனி வயிறு. பாலிப்னு சொல்லுவோம். வெயில் படுற கடல்ல இருக்கிற பவளத்துக்கு உடம்புக்குள்ளயே பாசி குடியிருந்து சோறு போடும். இதுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இருட்டுல, குளிர்ல, தண்ணி இழுத்துட்டு வர்றதைக் கையை நீட்டிப் பிடிச்சுத் தின்னணும். வருஷத்துக்கு ஒரு நகம் அகலம் வளர்ந்தா பெரிய விஷயம்."

பேச ஆரம்பித்தால் மேடத்துக்கு நிறுத்தத் தெரியாது என்பது அவருக்கு அன்றைக்கே புரிந்தது. கடலடியில் இது குன்று குன்றாக நிற்குமாம். குன்றில் முக்கால்வாசி செத்ததுதானாம், பாட்டன் பூட்டன் எலும்புமேல் பேரப்பிள்ளைகள் குடித்தனம். அந்த இண்டு இடுக்கில் ஊரே குடியிருக்கும். கிளைகளுக்கு நடுவே ஒரு புழு காகிதம் மாதிரி மெல்லிய குழாய் கட்டிக்கொண்டு வாழ, பவளம் அந்தக் குழாய்க்கு மேல் சுண்ணாம்பு பூசிக் கெட்டிப்படுத்திக் கொடுக்கும். புழு பதிலுக்குக் கிளையைச் சுத்தமாக வைத்திருக்கும், நடுநடுவே பவளத்தின் வாயிலிருந்து சாப்பாட்டைத் திருடவும் செய்யும்.

"நம்ம வீட்டு மாடில குடியிருக்கிறவரும் அப்படித்தான் மேடம். மாடிப்படியைப் பெருக்குவாரு, பேப்பரைத் திருடுவாரு."

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் டார்ச்சை இறக்கி, நீளமான கைகளோடு பதுங்கியிருந்த குட்டிக் குட்டி இறால் நண்டுகளைக் காட்டினார். நூல் மாதிரிக் கைகளைக் கிளையில் சுற்றிக்கொண்டிருந்த நொறுங்கு நட்சத்திரங்கள் என்கிற, நட்சத்திர மீனுக்குச் சொந்தமான பிராணிகளைக் காட்டினார். ஒரு கடற்பஞ்சையும் காட்டினார். காட்டி முடித்ததும் குரல் மாறியது.

"போன வருஷம் அதே இடத்துக்குக் கேமரா இறக்கிப் பார்த்தோம். அடிக்கடல் வலை இழுத்திருக்காங்க. குன்று முழுக்கச் சல்லிதான். ஒண்ணுகூட உயிரோட இல்லை. அந்தக் குன்றுல இருந்தது இப்ப இந்தத் தொட்டில மட்டும்தான் இருக்கு. மொத்தம் இருநூத்திப் பதினாலு பாலிப். நீங்க சனிக்கிழமை காப்பாத்தினது அதைத்தான்."

கூலிங்காரர் வீட்டுக்கு நடந்து வந்தபோது கால் தரையில் படவில்லை. மனைவியிடம் இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை ஆரம்பித்தபோது, "இருநூத்திப் பதினாலு, தெரியும்" என்றார் மனைவி. ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருக்கும் சந்தோஷம்தான்.

புதன்கிழமை மேடம் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை சிரிப்பு இல்லை. தினமும் காலையில் எத்தனை பாலிப் விரிந்திருக்கிறது என்று எண்ணிச் சுவரில் எழுதுவது அவர் வழக்கம். திங்கள் நூற்றெண்பது, செவ்வாய் நூற்றுப்பத்து, புதன் இருபத்தொன்று. மற்றதெல்லாம் இழைகளை உள்ளே இழுத்துக்கொண்டு கிளைநுனிக் கிண்ணத்துக்குள் பதுங்கிவிட்டன. ஒரு நொறுங்கு நட்சத்திரத்தின் கை உதிர்ந்து தரையில் கிடந்தது. இறால் நண்டுகள் தொட்டிக் கண்ணாடியின் மேல் விளிம்பு வரைக்கும் ஏறி வந்து நின்றன.

"குளிர்ச்சி கூடிக் குறையுதான்னு பார்த்துச் சொல்லுங்க."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஏழு டிகிரி, ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் வாழ்நாளில் இவ்வளவு ஒழுங்காக ஓடிய இயந்திரத்தைப் பார்த்ததில்லை.

"அப்ப சனிக்கிழமை பட்ட சூடுதான்" என்றார் மேடம், சுவரில் சாய்ந்துகொண்டு. "நான் போயிருக்கவே கூடாது. மாநாடாம் மாநாடு. என் தப்புங்க. நீங்க உங்களால ஆனதைச் செஞ்சீங்க, அதுக்கு நான் எப்பவும் கடமைப்பட்டிருக்கேன்."

இந்த முறை அந்த நன்றி அவருக்கு இனிக்கவில்லை. ஏனென்று தெரியாமலே வீட்டுக்கு வந்தார்.

ஏனென்று வியாழக்கிழமை காலை தெரிந்தது. படகுப் பட்டறையில் குடிதண்ணீர் கூலர் மக்கர். அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு படகின் அடிப்பாகத்துக்குச் செங்காவி நிறத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவரிடம் பேச்சுக்கொடுத்தார். பெயிண்டர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருந்தார்.

"என்ன இப்படி நெடி அடிக்குது?"

"செம்பு கலந்த பெயிண்டுங்க. அடியில பூசுறது."

"செம்பா? துருப்பிடிக்காம இருக்கவா?"

பெயிண்டர் துணியை இறக்கிவிட்டுச் சிரித்தார். "துருவா! சிப்பி, பாசி, புழு எதுவும் வந்து ஒட்டக்கூடாதுங்க, அதுக்குத்தான். அந்தக் காலத்துக் கப்பலுக்குச் செம்புத் தகடே அடிப்பாங்களாம். செம்பு கொஞ்சங் கொஞ்சமா தண்ணில கசியும். அது கசியற இடத்துல கடல் ஜீவன் ஒண்ணுகூட நிக்காது. விஷம்ல அதுங்களுக்கு?"

கூலிங்காரர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே போட்டார். இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு கூலரைப் பிரித்தது பிரித்தபடி போட்டுவிட்டு வேனை எடுத்தார்.

ஆனால் வேன் நேராக ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்குப் போனது. மனைவி தட்டை வைத்தார், அவர் தொடவில்லை. நடந்ததைச் சொன்னார்.

"சனிக்கிழமை கம்பெனிக்காரன் சரியான சுருளை எடுத்துட்டு வர்றான். அவன்கூட நானும் நிக்கப்போறேன். செம்பைக் கழட்டி வேன்ல போட்டுட்டா யாருக்கும்..." என்று இழுத்தார்.

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அது தண்ணிலதான் கிடக்கும்."

"சுருளை எடுத்துட்டா சரியாயிடுமா?"

"கசிஞ்சது தண்ணிலயேதான் இருக்கும். தண்ணியையும் மாத்தணும்."

"அவங்களுக்குத் தெரிஞ்சாத்தானே தண்ணியை மாத்துவாங்க?"

மனைவி எதிரில் உட்கார்ந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கும் மனிதரை எத்தனையோ முறை பார்த்தவர்.

"நன்றி சொன்ன வாயால திட்டிடுவாங்கன்னு பயம். அதானே?"

"ஆமா" என்றார்.

"திட்டட்டுமே. திட்டு உங்களுக்குப் பழக்கம்தானே? நன்றிதான் புதுசு. ரெண்டு நாள் இருந்துச்சு, நல்லா இருந்துச்சு. போய்த் திருப்பிக் கொடுத்துட்டு வாங்க."

கட்டிய மனைவியை அவர் அன்றைக்கு நன்றியோடு நினைத்ததுபோல் கல்யாணத்தன்றுகூட நினைத்ததில்லை. வாய்விட்டுச் சொல்லவில்லை; அந்தக் குறையும் அவரிடம் உண்டு. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மேடம் இருட்டறையில் தொட்டியோரம் உட்கார்ந்திருந்தார். சுவரில் வியாழக்கிழமைக்கு எதிரே பூஜ்யம் எழுதியிருந்தது.

"மேடம், நான் மாட்டின சுருள் செம்பு."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"செம்பா?"

"ஆமா மேடம். கம்பெனிச் சுருள் அலமாரில இல்லை. என் வேன்ல இருந்ததை மாட்டினேன். விஷம்னு எனக்குத் தெரியாது. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. உங்க மேல தப்பு இல்லை, சூடும் காரணம் இல்லை. நான்தான்."

"கடல் தண்ணில... செம்பு... அஞ்சு நாளா!" மேடம் எழுந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் பேசியதை இங்கே எழுத வேண்டாம். படித்தவர் திட்டு வேறு மாதிரி இருக்கும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஒரே ஒரு வார்த்தை என்றார். அப்புறம் தானும் கேட்கவில்லையே என்று தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டார். கடைசியில் கதவைக் காட்டினார்.

"வெளிய போங்க."

கூலிங்காரர் கதவுவரை போனார். அங்கே நின்றார்.

"போறேன் மேடம். ஆனா சுருளை எடுத்தா சாயங்காலத்துக்குள்ள தண்ணி சூடாயிடும். எடுக்கலைன்னா விஷம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு. அதைச் செஞ்சு குடுத்துட்டுப் போறேன். அப்புறம் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

மேடம் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். போ என்று மறுபடி சொல்லவில்லை. அதற்காகக் கூலிங்காரர் அந்த இடத்திலேயே மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

வழி இதுதான். செம்புச் சுருளைத் தொட்டியிலிருந்து எடுத்து, பக்கத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் சாதாரணத் தண்ணீரை நிரப்பி அதற்குள் இறக்கினார். அந்தத் தண்ணீர் உறைநிலைக்குக் கிட்டே வந்ததும், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் கறுப்புப் பிளாஸ்டிக் குழாயைச் சுற்றுச் சுற்றாகத் தொட்டிக்குள் போட்டு, அதன் வழியாகப் பீப்பாய்த் தண்ணீரைச் சுற்றிவர விட்டார். குளிர் மட்டும் உள்ளே போகும், செம்பு வெளியிலேயே நிற்கும். பிளாஸ்டிக்குக்குக் குளிரைக் கடத்துகிற புத்தி குறைவு. அதனால் ஒரு சுற்றுக்குப் பதில் இருநூறு மீட்டர். குழாயைக் காற்றடித்து, அரைமணி நேரம் அழுத்தம் குறைகிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே இறக்கினார். தொட்டிக்குள் இருந்த பழைய பம்பைத் தூக்கிப் பார்த்தபோது இணைப்பில் பித்தளைத் திருகு ஒன்று மின்னியது.

"இது என்னைக்கு மாட்டினது மேடம்?"

"சனிக்கிழமை நீங்கதான் மாட்டியிருக்கணும். எங்களுது பிளாஸ்டிக்."

"பித்தளையும் செம்புக்குத் தம்பிதான்" என்று அதையும் கழற்றி எறிந்தார். வெட்கத்தில் காது சுட்டது.

அப்புறம் தண்ணீர். நிலையத்தின் மேல்தொட்டியில் வடிகட்டிய கடல்நீர் வேண்டிய மட்டும் இருந்தது, ஆனால் அது வெயிலில் காய்ந்த தண்ணீர். அதை ஏழு டிகிரிக்குக் கொண்டுவந்துதான் ஊற்ற வேண்டும். காலையில் கால் தொட்டி, மாலையில் கால் தொட்டி. கூலிங்காரர் கேன் கேனாக ஐஸ் ஃபேக்டரியின் குளிர் அறைக்குக் கொண்டுபோய்க் குளிரவைத்துக் கொண்டுவந்தார். முதலாளி, "என்னய்யா, கடலையே கொண்டாந்து வச்சிருக்கே?" என்றார். என்றாலும் இடம் கொடுத்தார். காவலாளி மாடிப்படியில் கேன் சுமந்தார். விஷயத்தைக் கேள்விப்பட்ட பெயிண்டர், தன் வாயால் வந்த வினை என்பதுபோல் இரண்டு நாள் வந்து தூக்கினார். மேடம் கரித்தூள் பைகளை வடிகட்டியில் மாற்றிக்கொண்டேயிருந்தார். ஒவ்வொரு வேளையும் சோதனைக் குப்பியில் தண்ணீரைப் பிடித்து, செம்பு இருக்கிறதா என்று மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பார். முதல் நாள் நிறம் கண்ணைப் பறித்தது. இரண்டாம் நாள் வெளுத்தது. சனிக்கிழமை குப்பியில் நிறமே இல்லை. அன்றைக்கே கம்பெனிக்காரர் வந்து டைட்டானியம் என்கிற அந்தச் சாம்பல் நிறச் சுருளை மாட்டிவிட்டுப் போனார்.

அத்தோடு கூலிங்காரரின் வேலை முடிந்தது. தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சொன்ன வாக்கு ஒன்று இருந்தது. ஆனால் தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் கால் தானாக அங்கே போய் நின்றது. மேடம் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இவர் தரையைத் துடைப்பார், பம்புச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார், போய்விடுவார். பக்கத்தில் நிற்க விடுகிறார்களே, அதுவே பெரிது.

கணக்கு நல்லதாக இல்லை. நொறுங்கு நட்சத்திரங்களில் இரண்டுதான் மிச்சம். இறால் நண்டு ஒன்று செத்தது, மற்றவை கண்ணாடியிலிருந்து இறங்கிக் கிளைக்குள் போய்விட்டன. பவளத்தில் ஒரு பக்கம் முழுக்கச் சதை கழன்று வெறும் எலும்பாக வெளுத்துவிட்டது. மறுபக்கம் சதை இருந்தது. ஆனால் பாலிப் எல்லாம் மூடிக் கிடந்தன. உயிரோடு மூடியிருக்கிறதா, சாகப்போகிறதா என்று திறந்தால்தான் தெரியும். சுவரில் பூஜ்யத்துக்குக் கீழே பூஜ்யம். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். அடுத்த வியாழனும் பூஜ்யம்.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை காலை அவர் உள்ளே நுழைந்தபோது மேடம் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிவப்பு டார்ச்சை அவர் பக்கம் நீட்டினார்.

"நீங்க எண்ணுங்க."

"நானா? எனக்கு என்ன தெரியும் மேடம்?"

"இழை வெளிய தெரிஞ்சா எண்ணுங்க. தெரியலைன்னா விட்டுடுங்க. வெளுத்த பக்கம் போக வேண்டாம், அது இனிமே மத்ததுக்கு வீடா இருக்கும், அவ்வளவுதான்." கண்களைக் கசக்கிக்கொண்டார். "அரை மணி நேரமா பார்க்கறேன். என் கண்ணை நானே நம்பலை. ஆசையில இல்லாததும் இருக்கிற மாதிரி தெரியுது."

"காவலாளியைக் கூப்பிடட்டுமா? அவருக்குக் கண்ணு நல்லா..."

"அவர் என்னைச் சமாதானப்படுத்த ரெண்டு சேர்த்துச் சொல்லுவார். இங்க இருக்கிற எல்லாரும் சொல்லுவாங்க. நீங்க சொல்ல மாட்டீங்க. இல்லாததை இருக்குன்னு சொல்ற ஆளா இருந்தா, அன்னைக்கு வந்து செம்புன்னு சொல்லியிருக்க மாட்டீங்க. நீங்க சனிக்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா எண்ணுறதுக்கே இங்க ஒண்ணும் இருந்திருக்காது. எனக்குத் தெரியும். எண்ணுங்க."

கூலிங்காரர் டார்ச்சை வாங்கிக்கொண்டு தொட்டிமுன் முழங்காலிட்டு உட்கார்ந்தார். வெளிச்சம் அசையாமல் இருக்க டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கீழ்க்கிளையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு நுனியிலும் நின்று நின்று பார்த்தார். மூடியது. மூடியது. மூடியது. இது? இல்லை, நிழல். மூடியது. மேலே போனார். ஒரு கிண்ணத்தின் விளிம்பில் மயிரளவு ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. தூசியாக இருக்கும் என்று அங்கேயே காத்திருந்தார். தூசி மெல்ல வளைந்து உள்ளே போய், மறுபடி வெளியே வந்தது.

"ஒண்ணு" என்றார்.

மேடம் திரும்பவில்லை. "நிச்சயமா?"

"நிச்சயமா மேடம். அசையுது."

மேலும் தேடினார். நேரம் போனதே தெரியவில்லை, குளிரில் முழங்கால் மரத்துப்போனது.

"நாலு மேடம். மொத்தம் நாலு. அதுக்கு மேல இல்லை."

கொண்டையிலிருந்து பென்சிலை உருவி மேடம் சுவரில் நாலு என்று எழுதினார். எழுதிவிட்டு அந்த எண்ணின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது.

கூலிங்காரர் டார்ச்சை அணைக்கப் போனார். அணைக்கும் முன் ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று மறுபடி கீழ்க்கிளைக்கு வந்தார். சற்றுமுன் மூடியிருந்த இடத்தில் இழை தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது ஒன்று, உறக்கம் கலையாத குழந்தை விரலைப் பிரிப்பதுபோல், சோம்பலாகப் பிரிந்தது.

"மேடம், நான் தப்பா சொல்லிட்டேன்."

அவர் பதறித் திரும்பினார். "என்ன தப்பு?"

"நாலு இல்லை. ஏழு." குரல் உடைந்தது, துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. "இப்ப... இப்ப ஒம்பது. விரியுது மேடம்."

மேடம் வந்து அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தொட்டியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூலிங்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவற்றைப் பார்த்து, "நன்றிம்மா, நன்றி. நல்லா இருங்க" என்று முணுமுணுத்தார். யாருக்கும் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

"இன்னொரு தடவை எண்ணுங்க" என்றார் மேடம்.

"எண்ணுறேன் மேடம். எத்தனை தடவை வேணும்னாலும் எண்ணுறேன்."